ஊர் வண்டியா, அரசு வண்டியா?

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மேடையில் ஆம்புலன்ஸ் வண்டியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. கல்வி கற்றவன் தனக்கென ஒரு வேலை தேடிக் கொள்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மக்களுடைய உயிரையும் மானத்தையும் தொடும் பணிகள் எவர் பொறுப்பில் நடக்கின்றன, அவை எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்று ஆராய்வதும் கற்றவர் கடமையே. நள்ளிரவில் ஒரு தாய்க்கு இடுப்புவலி எடுக்கிறது. ஒரு முதியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். வயல் வரப்பில் ஓர் இளைஞனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. அந்த வேளையில் வண்டி வருமா, எவருடைய வண்டி வரும், வருகின்றவருக்குப் பயிற்சி உண்டா என்பவற்றைப் பொறுத்தே ஓர் உயிர் நிற்கிறது. மூச்சும் இதயத் துடிப்பும் நின்ற நான்கைந்து நிமிடங்களிலேயே மூளைக்குக் கேடு தொடங்கிவிடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை.

இத்தகைய பணி உள்ளூர் மக்கள் கையில் இருப்பது நன்றா, அரசின் கையில் இருப்பது நன்றா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட வினா. இதற்கு விடை தேட முதலில் அமெரிக்க நாட்டின் ஒரு நகரத்துக்குச் செல்வோம். அங்கே நடந்த வரலாறு நம்மைப் போன்ற மக்களுக்கு மிகவும் வேண்டியதாகும்.

ஹில் வட்டாரத்தில் பிறந்த பணி

பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்று ஓர் இரும்பாலை நகரம் உண்டு. அதன் ஒரு பகுதிக்கு ஹில் வட்டாரம் என்று பெயர். கருப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த இடம் அது. 1950களில் நகரச் சீரமைப்பு என்னும் பெயரால் அவ்வட்டாரத்தின் தாழ்ந்த பகுதியை இடித்து, ஏறத்தாழ 8,000 மக்களை அப்புறப்படுத்தி, அவ்விடத்தில் ஒரு பெரிய அரங்கத்தைக் கட்டினார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு வேலையும் அரிதாயிற்று. நகராட்சி மீதிருந்த நம்பிக்கையும் அற்றுப்போயிற்று.

அந்நாளில் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் என்பது இன்று நாம் காண்பதைப் போன்ற ஒன்றன்று. நாட்டின் ஆம்புலன்ஸ் பணிகளில் ஏறத்தாழப் பாதியைச் சவ அடக்கம் செய்யும் நிறுவனங்களே நடத்திவந்தன. பிணம் ஏற்றும் வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோக இடம் இருந்தது; ஆகையால் நோயாளியையும் அதிலேயே ஏற்றினார்கள். 1966ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று இந்த அவலத்தை உலகறியச் செய்தது. பிட்ஸ்பர்க்கிலோ அப்பணி போலீசாரிடம் இருந்தது. கைதிகளை ஏற்றும் அதே வேனில் நோயாளியைப் பின்னால் தனியே கிடத்திவிட்டு, போலீசார் இருவரும் முன்னால் அமர்ந்து ஓட்டிச் செல்வார்கள். வழியில் மூச்சு நின்றாலும் பார்ப்பார் இல்லை. கருப்பின மக்களுக்கோ போலீஸ் வேனை அழைப்பதென்றாலே அச்சம். அழைத்தாலும் வேளைக்கு வரும் என்பதற்கு உறுதியில்லை.

1966 நவம்பரில் அந்நகரின் முன்னாள் மேயரும் மாநிலத்தின் முன்னாள் ஆளுநருமாகிய டேவிட் லாரன்ஸ் என்பார் ஒரு பொதுக்கூட்டத்தில் மயங்கி விழுந்தார். அவரையும் போலீஸ் வேனில்தான் கொண்டு சென்றார்கள். சில நாட்களில் அவர் காலமானார். செல்வாக்கு மிக்கவருக்கே இக்கதி என்றால் ஏழையின் கதி என்ன? அந்த மருத்துவமனையில் பணியாற்றியவர் டாக்டர் பீட்டர் சஃபார். வியன்னாவில் பிறந்த இவர், வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டும் உயிர்காப்பு முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர். அதே ஆண்டில் தம் சிறு மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தவரும் ஆவார். மருத்துவமனைக்குள் எவ்வளவு திறமை இருந்தாலும் வழியில் கவனிப்பார் இல்லையெனில் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஹில் வட்டாரத்தில் ஃப்ரீடம் ஹவுஸ் என்னும் அமைப்பு ஒன்று இருந்தது. விடுதலை இல்லம் என்று தமிழில் சொல்லலாம். வேலையற்ற கருப்பின மக்களுக்கு வேலை உண்டாக்குவதற்காக, காய்கறிகளை வண்டியில் ஏற்றி வீடுதோறும் விற்றுவந்த அமைப்பு அது. மாரிஸ் ஃபால்க் மருத்துவ நிதியத்தின் தலைவராயிருந்த ஃபில் ஹாலன் என்பார், முன்பு தாமே ஆம்புலன்ஸ் ஓட்டியவர். காய்கறி வண்டி ஓட்டும் கைகள் ஏன் உயிர்காக்கும் வண்டியை ஓட்டக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. ஹாலன், சஃபார், ஃப்ரீடம் ஹவுஸ் ஆகிய மூவரும் 1967இல் கை கோத்தனர்.

பயிற்சிக்கு வந்தவர்கள் யார்? பலர் உயர்நிலைப் பள்ளிக் கல்வியையும் முடிக்காதவர்கள். சிலர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். சிலர் சிறை சென்று மீண்டவர்கள். உதவாக்கரைகள் என்று நகரம் ஒதுக்கிவைத்திருந்த இளைஞர்கள் அவர்கள். அவர்களுக்கு டாக்டர் சஃபார் ஏறத்தாழ 300 மணிநேரப் பயிற்சியை வகுத்தார். உடற்கூறு, உயிர்காப்பு, முதலுதவி, மருத்துவமனையில் நேரடிப் பழக்கம் எனப் பயிற்சி கடுமையாக இருந்தது. பள்ளிப் படிப்பு முடியாதவர்களுக்கு அதையும் முடிக்க வழி செய்தார்கள். 1968இல் வண்டிகள் தெருவில் இறங்கின. முதல் ஆண்டிலேயே 5,800க்குச் சற்றுக் குறைவான அழைப்புகளை ஏற்று, 4,600க்கு மேற்பட்ட நோயாளிகளை மருத்துவமனை சேர்த்தார்கள். அவ்வோராண்டில் மட்டும் 200 உயிர்கள் காக்கப்பட்டதாக டாக்டர் சஃபார் திரட்டிய விவரங்கள் கூறின.

இளைஞர்களே, இதனை நன்கு எண்ணிப் பாருங்கள். படிக்காதவர் என்று தள்ளப்பட்டவர்கள், தக்க ஆசிரியரும் தக்க பயிற்சியும் கிடைத்தவுடன் தம் நாட்டுக்கே முன்மாதிரி ஆனார்கள். பின்னர் டாக்டர் நான்சி கேரலைன் என்னும் பெண் மருத்துவர் அவர்களுக்கு மருத்துவ இயக்குநராக வந்தார். அவர்களோடு இரவு பகலாக வண்டியில் சென்று, அந்த அனுபவத்தைக் கொண்டே பாடத்திட்டம் எழுதினார். அமெரிக்கா முழுவதிலும் ஆம்புலன்ஸ் பணியாளர் பயிற்சிக்கு அப்பாடத்திட்டம் அடிப்படையாயிற்று. சேரியில் விளைந்த அறிவை நாடு முழுவதும் பாடமாகப் படித்தது.

நகராட்சி கைப்பற்றியது

இனி இவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் காண்போம். கருப்பின மக்களுக்குக் கிடைத்த சேவை வெள்ளையர் வாழ்ந்த பகுதிகளுக்குக் கிடைக்கவில்லை. அங்கே இன்னும் போலீஸ் வேன்தான் ஓடியது. எமக்கும் அத்தகைய வண்டி வேண்டும் என்று அப்பகுதி மக்கள் கேட்கலாயினர். அக்கோரிக்கை நியாயமானதே. ஃப்ரீடம் ஹவுஸையே நகரம் முழுவதற்கும் விரிவாக்கியிருக்கலாம். ஆனால் மேயர் பீட்டர் ஃபிளாஹர்ட்டியின் நிர்வாகம் அதற்கு இசையவில்லை. நகராட்சியே தனக்கென ஓர் ஆம்புலன்ஸ் துறையை அமைத்துக்கொண்டது. 1975 அக்டோபரில் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது.

பழைய பணியாளர்களைப் புதிய துறையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கேரலைன் வற்புறுத்தினார். சேர்த்துக்கொண்டார்கள், பிறகு என்ன செய்தார்கள்? ஒன்றாயிருந்தவர்களைப் பிரித்துப் போட்டார்கள். புதிய தேர்வுகளை வைத்தார்கள். முன்பு தண்டனை பெற்றவர்களை நீக்கினார்கள். அனுபவம் மிக்கவர்களை, அவர்களைவிட அனுபவம் குறைந்த வெள்ளையர்களின் கீழ் வைத்தார்கள். மனம் வெதும்பிப் பலர் விலகினர். 1990களின் இறுதியில் பிட்ஸ்பர்க் நகரின் அவசர மருத்துவப் பணியாளர்களில் 98 விழுக்காட்டினர் வெள்ளையர் என்ற நிலை வந்தது. எந்த மக்கள் அப்பணியைப் படைத்தார்களோ அந்த மக்கள் அதிலிருந்தே மறைந்துபோனார்கள். ஜான் மூன் என்பார் போன்ற சிலரே நிலைத்து நின்றனர். அவர் அத்துறையின் துணைத் தலைமைப் பதவி வரை உயர்ந்து, கருப்பின இளைஞர்களை மீண்டும் கொண்டுவரப் பாடுபட்டார்.

இவ்விடத்தில் நாம் நடுநிலையோடு ஆராய வேண்டும். நகரம் முழுவதற்கும் ஒரே சேவை, வரிப்பணத்தில், எல்லாருக்கும் என்று ஏற்பட்டதில் தவறில்லை. நன்கொடையையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தையும் நம்பியிருந்த ஓர் அமைப்பு எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்? அரசின் நிதி வேண்டியதுதான். அநீதி எங்கே நேர்ந்தது? பணியை எடுத்துக்கொண்டவர்கள், பணி செய்தவர்களை வெளியே தள்ளியதில் நேர்ந்தது.

உள்ளூர் என்றால் எந்த ஊர்?

இவ்வரலாற்றைக் கேட்டவுடன், உள்ளூர் மக்கள் கையில் இருப்பதே சிறந்தது என்று நம்மில் பலர் முடிவுகட்டக்கூடும். அவசரப்பட வேண்டாம். ஹில் வட்டாரத்தில் உள்ளூர் என்றால் அது கருப்பின மக்களின் வட்டாரமே. நம் நாட்டிலோ உள்ளூர் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பிளவு இருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த மண் இது. ஆகவே உள்ளூர் கட்டுப்பாடு என்று எவரேனும் சொன்னால், ஊரின் கட்டுப்பாடா, சேரிக்கும் அதில் பங்குண்டா என்று நாம் முதலில் கேட்டாக வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பு வரைவை முன்மொழிந்து பேசுகையில், கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களை மறுத்தார். குறுகிய மனப்பான்மைக்கும் அறியாமைக்கும் உறைவிடமாகவே இந்தியக் கிராமத்தை அவர் கண்டார். கிராமத்தை விடுத்துத் தனிமனிதனையே அரசியலமைப்பின் அலகாகக் கொண்டதற்கு மகிழ்ச்சி தெரிவித்தார். ஏட்டுப் படிப்பால் வந்த முடிவன்று அது; பட்டு உணர்ந்தவரின் முடிவு.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் பத்தாண்டுக் காலம் முறையான ஊராட்சி நிர்வாகமே அமைய முடியாமற் போனதை நாம் மறக்கவில்லை. 2006இல்தான் அவ்வூர்களில் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பணியாற்ற வழி பிறந்தது. மேலவளவில் 1997 ஜூன் 30ஆம் நாள் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஒரு பதவியையே பொறுத்துக்கொள்ளாத இடங்களில், நடுநிசியில் சேரிக்கு வண்டி அனுப்பும் அதிகாரத்தை ஊர்ப் பெரியதனத்திடம் நம்பி விடலாமா?

வண்டி வசதி வருமுன் நம் தெருக்களின் நிலை மூத்தோர் அறிந்ததே. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நால்வர் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலை வரை நடந்ததும், வாடகைக் கார் வைத்திருந்தவரின் வாசலில் கைகட்டி நின்றதும், வண்டி பழுது என்று திருப்பி அனுப்பப்பட்டதும் பழங்கதையாகிவிடவில்லை. அந்த நினைவு உள்ளவர்கள் இந்த மன்றத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

அரசின் கடமை

அரசின் பக்கம் இனி வருவோம். மேற்கு வங்கத்தில் 1992 ஜூலையில் ஹக்கிம் ஷேக் என்னும் விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்றார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தொடங்கிக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் பலவற்றுக்கும் அலைந்தார். ஓரிடத்தில் வசதி இல்லை, மற்றோரிடத்தில் படுக்கை இல்லை என்று திருப்பினார்கள். இறுதியில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்து உயிர் பிழைத்தார். அவர் சார்ந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் அவரைக் கைவிடவில்லை, உச்சநீதிமன்றம் சென்றது. 1996 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவமனை வேளைக்குச் சிகிச்சை தர மறுப்பது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று நீதிமன்றம் கூறியது. பணமில்லை என்று சொல்லி அரசு இக்கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் கூறியது. 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்ததோடு, ஆம்புலன்ஸ் ஏற்பாடும், எந்த மருத்துவமனையில் படுக்கை உண்டு என்று உடனே அறிய மாநில அளவில் ஒரு தொடர்பு மையமும் வேண்டும் என வழிகாட்டியது. ஒரு கூலித் தொழிலாளியும் அவருடைய சங்கமும் சேர்ந்து பெற்ற தீர்ப்பு இது என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

2005இல் ஐதராபாத்தில் 108 என்னும் எண்ணுடன் தொடங்கிய ஆம்புலன்ஸ் சேவை, 2008இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அரசு நிதி தருகிறது. ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது. சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறை அழைப்பை ஏற்று வண்டியை அனுப்புகிறது. கட்டணம் இல்லை. இதில் நம் மக்களுக்குக் கிடைத்த பெரும்பேறு ஒன்று உண்டு. தொலைபேசியை எடுப்பவர் நீ எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கேட்பதில்லை. எவர் வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முகமறியாத மாநில அமைப்பு ஒன்று, முகமறிந்த ஊரைவிட நமக்குப் பாதுகாப்பாக அமைந்ததற்கு இதுவே சான்று.

எனினும் குறையும் அங்கேயே பிறக்கிறது. தொலைவில் இருப்பவர்க்கு நம் தெருவின் வழி தெரியாது. வண்டி ஊர் வரை வந்துவிடும். ஊரைத் தாண்டிக் குடியிருப்புக்கு வரும் பாதை குறுகியதாயிருந்தால், ஓடைக்குப் பாலமில்லையென்றால், தெருப் பெயர்ப்பலகை இல்லையென்றால், அந்தக் கடைசி இரண்டு பர்லாங் தொலைவில்தான் உயிர் போகும். அப்பாதையை அகலப்படுத்துவதும் விளக்குப் போடுவதும் சென்னையின் வேலையன்று, ஊராட்சியின் வேலை. மருத்துவமனைகளும் பொதுச் சுகாதாரமும் ஏழாம் அட்டவணையின்படி மாநிலப் பட்டியலில் உள்ளன. 73ஆவது திருத்தத்தால் 1993இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் அட்டவணையோ, ஆரம்பச் சுகாதார நிலையம் உட்பட்ட சுகாதாரத்தையும் ஊரகச் சாலைகளையும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாகக் குறிக்கிறது. ஆக, சட்டமே இப்பொறுப்பை ஒரு கையில் வைக்கவில்லை.

நம் முடிவு

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கையில் நாம் காணும் முடிவு இதுவே. வண்டிக்கும் மருந்துக்கும் சம்பளத்துக்கும் நிதி தருவதும், எவர்க்கும் மறுக்கப்படாத உரிமையாக அதனைக் காப்பதும் அரசின் பொறுப்பாக இருக்க வேண்டும். அதை ஊர்ப் பெரியதனத்திடம் விடலாகாது. வண்டி எங்கே நிற்க வேண்டும், எந்தக் குடியிருப்புக்குப் பாதையில்லை, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கண்காணிக்கும் உரிமை உள்ளூர் மக்களுக்கு, அதிலும் சேரி மக்களுக்கு இருக்க வேண்டும். அந்த வண்டியில் ஏறிப் பணிபுரிவோரில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பணி சிறக்காது. மூன்றாவது குறைந்தால் பிட்ஸ்பர்க்கில் நேர்ந்ததே நேரும்.

ஆகவே இளைஞர்களுக்குச் சில கடமைகளை எடுத்துரைத்து முடிக்க விரும்புகிறோம்.

முதலாவது, படிப்பு. பிட்ஸ்பர்க் இளைஞர்களிடம் திறமை இருந்தது. ஆனால் பணி கைமாறியபோது தேர்வே அவர்களுக்குப் பூட்டிய கதவாயிற்று. நியாயமற்ற தேர்வை எதிர்த்துப் போராட வேண்டும். தேர்வுக்கு முன்கூட்டியே ஆயத்தமாகவும் வேண்டும். நர்சிங், உயிரியல் முதலிய பாடங்கள் பயின்றோர் மருத்துவ உதவியாளராகவும், உரிமம் பெற்றோர் ஓட்டுநராகவும் ஆம்புலன்ஸ் பணியில் சேரலாம். நம் மாணவர்கள், குறிப்பாக மாணவியர், இத்துறையை நோக்கித் திரும்ப வேண்டும். சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒவ்வொன்றும் நாளை உங்களுக்கு அரண்.

இரண்டாவது, முதலுதவி. வண்டி வரும் வரை உயிரைப் பிடித்து நிறுத்துவது அருகிலிருப்பவரின் கையே. மூச்சும் அசைவும் அற்று விழுந்த பெரியவரின் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். டாக்டர் சஃபார் போன்றோர் உலகுக்கு அளித்த உயிர்காப்பு முறையின் ஒரு பகுதி இது. பயிற்சி பெற்றவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். நம் சங்கக் கட்டடத்திலேயே ஆண்டுக்கு இருமுறை இப்பயிற்சியை நடத்தலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது, கிராமசபை. குடியரசு நாளிலும் மே நாளிலும் விடுதலை நாளிலும் காந்தி பிறந்த நாளிலும் அது கூடுகிறது. கூட்டத்தின் ஓரத்தில் நின்று திரும்பிவிடாதீர்கள். பாதை, பாலம், விளக்கு, பெயர்ப்பலகை ஆகியவற்றை எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாக்குங்கள். தீர்மானத்தின் நகலைப் பெறுங்கள். வண்டி தாமதமாக வந்தால் நாளையும் மணியையும் குறித்து வையுங்கள். குறித்து வைத்த தாளுக்கு அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். வாய்ச்சொல்லுக்குச் சொல்ல மாட்டார்கள்.

நான்காவது, அச்சம் தவிர்த்தல். சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் வழக்கில் சிக்குவோம் என்ற பயம் இன்னும் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவுவோரைக் காக்க 2016இல் உச்சநீதிமன்றம் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்பாதுகாப்பு இடம்பெற்றது. அடிபட்டவர் எந்தத் தெருவினராயினும் தூக்குங்கள். நமக்கு மறுக்கப்பட்டதை நாம் எவர்க்கும் மறுக்கலாகாது. ஃப்ரீடம் ஹவுஸ் வண்டியில் கருப்பர், வெள்ளையர் ஆகிய இருவரும் உயிர் பிழைத்தனர் என்பதே அவ்விளைஞர்களின் பெருமை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அரிக்கேன் விளக்கொளியில் இரவுப் பாடம் தொடங்கிய இச்சங்கம், இன்று பட்டதாரிகளை உருவாக்கி நிற்கிறது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், நம் குடியிருப்புக்கு நள்ளிரவில் வரும் வண்டியின் கதவைத் திறந்துகொண்டு இறங்குபவர், இதே சங்கத்தில் படித்த ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். அதற்கு இன்றே வித்திடுவோம்.